டிட் வந்தால் வெண்ட் வராது

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கு நோட்டுத் திருத்துவதைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்தும் கேட்டார்கள் என்றால் அது அவர்கள் தலையெழுத்து. ரிட்டயர் ஆன டீச்சரிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

லெசன் பிளான் எழுதுவது, கரும்பலகையை எப்படிப் பிரிப்பது, இதெல்லாம் நீங்கள் பயிற்சியிலேயே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அதை நான் தொடப்போவதில்லை. எனக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நோட்டில் நான் சிவப்பு மையில் போட்ட ஒரு திருத்தத்தால், பதின்மூன்று வயதான அவளுடைய அக்கா அன்றைக்கு இந்த ஊரை விட்டே காணாமல் போக இருந்தாள். அந்தத் திருத்தம் இலக்கணப்படி சரியான திருத்தம். இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

நான் வேலை பார்த்தது தொம்மலூரில். பழைய ஊர்த் தெருவுக்கும் கண்ணாடிக் கட்டட ஆபீஸ்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் எனக்கு. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் வீட்டில் பேசும் பாஷை ஐந்தாறு இருக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, அப்புறம் கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்களின் இந்தி. எல்லாரையும் ஆங்கிலத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘ரெட் சிக்னல்’. எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

எனக்குத் தலைக்கேறுகிற தப்பு ஒன்று உண்டு. ‘போனாள்’ என்பதற்கு ‘வெண்ட்’. ‘போகவில்லை’ என்பதற்கு ‘டிட் நாட் கோ’. ‘டிட்’ வந்துவிட்டால் ‘வெண்ட்’ மறுபடி ‘கோ’வாக மாறிவிட வேண்டும். பிள்ளைகளோ வருஷா வருஷம் ‘டிட் நாட் வெண்ட்’ என்றே எழுதும். அதைப் பார்த்தால் நான் நானாக இருக்க மாட்டேன்.

“டிட் வந்தா வெண்ட் வராது! ரெண்டும் ஒரே பெஞ்சுல உக்காராது! எத்தன வாட்டிடா சொல்றது?”

கீழே மைதானத்தில் விசிலோடு நிற்கும் பி.டி. சாருக்கே அந்தப் பாடம் மனப்பாடம் ஆகியிருந்தது. எதிரே வந்தால் “டிட் வந்தா?” என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவார்.

இந்த ‘நாட்’டைப் பழக்குவதற்காக ஒரு பயிற்சி வைத்திருந்தேன். ‘நிஜமா, நாட்டா’ என்று பெயர். நான் பெயர் சொல்லி எழுப்பி ஒரு வாக்கியம் சொல்வேன். அது தன்னைப் பொறுத்தவரை நிஜம் என்றால் பிள்ளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நிஜமில்லை என்றால் ‘நாட்’ போட்டு மாற்றிச் சொல்ல வேண்டும். ‘ஐ லைக் பாகற்காய்’ என்பேன். ‘ஐ டூ நாட் லைக் பாகற்காய்’ என்று கூரை பறக்கப் பதில் வரும். யோசிக்க நேரம் கிடையாது, கேட்ட உடனே சொல்லியாக வேண்டும், முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பாதியில் விட்டால் நிற்க வைத்துவிடுவேன்.

இந்தப் பயிற்சியில் ஏழாம் வகுப்பில் ஒருத்தியை யாராலும் பிடிக்க முடியாது. பூனம் என்று பெயர். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குடித்தனம். பூனத்தின் தங்கை ரிங்கி ஆறாம் வகுப்பு, அடுத்து ஒரு தம்பி. அக்காக்காரி பட்டாசு. தங்கை வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் கேட்டதை எல்லாம் எழுதிவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை கடைசி பீரியட். ஆறாம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். நோட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு நீலசந்திராவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, ஒரு அடுப்பில் குக்கரும் மடியில் நோட்டுமாகத் திருத்தினேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எட்டு நோட்டு முடிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ரிங்கியின் மூன்றாவது வாக்கியம்: ‘டுமாரோ மை பிரதர் ஃபெல் டவுன்.’ நாளைக்கு என் தம்பி விழுந்தான். என்ன கர்மம் இது என்று ‘ஃபெல்’லை அடித்து ‘வில் ஃபால்’ என்று மேலே எழுதினேன். நாலாவது: ‘யெஸ்டர்டே மை சிஸ்டர் வில் கோ டு டெல்லி வித் ஒன் அங்கிள்.’ நேற்று என் அக்கா ஒரு அங்கிளோடு டெல்லிக்குப் போவாள். ‘வில் கோ’வை அடித்தேன். ‘வெண்ட்’ என்று எழுதினேன். ‘மூன்று முறை எழுது’ என்று ஓரத்தில் குறித்தேன். அடுத்த நோட்டை எடுத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். நான் செய்த முட்டாள்தனம் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புதன்கிழமை டெல்லிக்குப் போய்விட்டதாக நான் திருத்திக் கொடுத்த பூனம், வியாழக்கிழமை காலையில் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நானே அட்டென்டன்ஸ் எடுத்திருந்தேன். சாயந்திரம் அவளுடைய தங்கையின் நோட்டில் அவளை முந்தின நாளே ஊருக்கு அனுப்பிவிட்டேன். என் கண் வினைச்சொல்லைப் பார்த்தது. வாக்கியத்தை நான் படிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பீரியட் ஏழாம் வகுப்பு. பூனம் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று ‘ஏ’ போட்டேன். இரண்டாவது பீரியட் ஆறாம் வகுப்பில் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். வாயே திறக்காத ரிங்கி எழுந்து என் மேஜைக்கு வந்தாள்.

“மிஸ், வெண்ட் இல்ல மிஸ். வில் கோ.”

“யெஸ்டர்டேன்னு போட்டா என்ன வரும்? கிளாஸ்ல நான் கத்தறது காதுல உழலயா? போ, போய் மூணு வாட்டி எழுது.”

“மிஸ்... வில் கோ மிஸ்.”

“ரிங்கி! எதுத்துப் பேசற பழக்கம் எப்ப வந்துச்சு? போம்மா.”

போனாள். மூன்று முறை எழுதினாள். என் அக்கா டெல்லிக்குப் போனாள், போனாள், போனாள் என்று. நோட்டை மூடி என் மேஜையில் வைத்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது. திட்டு வாங்கிய பிள்ளையின் மூக்கு சிவக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போது என்னையே நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் இந்தி மிஸ். அந்த வருஷம்தான் வேலைக்கு வந்திருந்தாள், ஒக்கலிபுரத்துப் பெண், என் மகள் வயசு. பெயரைப் போட்டால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள், ஆகவே இந்தி மிஸ்தான். நான் கொண்டுவந்திருந்த கட்டில் மேலே இருந்த ரிங்கியின் நோட்டை எடுத்துப் புரட்டியவள் சிரித்தாள்.

“என்ன மிஸ், தம்பி நாளைக்கு உழுவான்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க? ஜோசியம் எப்போ ஆரம்பிச்சீங்க?”

“டுமாரோன்னு எழுதியிருக்கா. டுமாரோன்னா வில் ஃபால் தான?”

“ஐயோ, அந்தத் தம்பி முந்தாநேத்தே உழுந்து முட்டில கட்டு போட்டிருக்கான் மிஸ். இவங்க வீட்ல நேத்துக்கும் ‘கல்’தான், நாளைக்கும் ‘கல்’தான். ரெண்டுக்கும் ஒரே வார்த்த. போச்சா, போவப்போவுதான்னு வினைய வெச்சுதான் தெரியும். வினைய கரெக்டா எழுதியிருக்கா. நாளத்தான் மாத்திப் போட்டிருக்கா. நீங்க என்னடான்னா கரெக்டா இருக்கறத...”

அடுத்த வரி அவள் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றது. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

எனக்குத் தெரியாதா? நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள் நான். எதிர்வீட்டில் உருது, பக்கத்து வீட்டில் உருது. ‘கல்’ என்றால் நேற்றும் ஆகும் நாளையும் ஆகும் என்று ஐந்து வயதில் தெரியும். தையல்காரர் ‘கல்’ தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் இழுத்தடித்தால், நேற்றா நாளையா பாய் என்று என் அம்மா கேலி செய்வாள். அதையெல்லாம் தெருவிலேயே விட்டுவிட்டுத்தான் நான் வகுப்புக்குள் நுழைவேன். தமிழ்ப் பிள்ளை நேற்றையும் நாளையையும் குழப்பாது. ஆகவே எந்தப் பிள்ளையும் குழப்பாது, தப்பு வினைச்சொல்லில்தான் இருக்கும். என் மூளை போட்ட கணக்கு இதுதான்.

வியாழக்கிழமை எழுதிய ‘நாளைக்கு’ என்றால் வெள்ளிக்கிழமை. இன்றைக்கு. மணி ஒன்றே கால்.

ரிங்கியைச் சாப்பாட்டுத் தட்டோடு கூட்டி வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் பேசினாள். தெருவில் பொறுக்கிய தமிழ்.

“நான் சொல்லிச்சு மிஸ். வெண்ட் இல்ல, வில் கோ, சொல்லிச்சு.”

“ஆமாடி கண்ணு, நீ சொன்ன. நான்தான் கேக்கல. அக்கா எங்க?”

துண்டு துண்டாக வந்தது. ஒரு வாரத்துக்கு முன் ஒரு ஆள் கொட்டகைக்கு வந்தானாம். டெல்லியில் பெரிய வீடு, குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், பள்ளிக்கூடத்திலும் சேர்ப்பார்கள் என்றானாம். இன்றைக்கு ரயில். முதலில் சென்னை, அங்கிருந்து வேறு வண்டி. ஸ்கூலில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா தன் தலையில் கை வைக்கச் சொல்லி பூனத்திடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

“அக்கா சொல்லக்கூடாது. அக்கா என்னை எழுத சொன்னா. வீட்ல யாருக்கும் இங்கிலீஷ் வராது. மிஸ் படிப்பாங்க, சொன்னா.”

மிஸ் படிப்பாங்க. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு வராது.

ஹெச்.எம். அறைக்கு ஓடினேன். ஹெச்.எம். மேடம் நல்லவர்தான், ஆனால் எதற்கும் மூன்று முறை யோசிக்கிறவர். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒரு சின்னப் புள்ள தப்புத் தப்பா எழுதின இங்கிலீஷ நம்பி ஒரு ஆள் மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்கறதா? சொந்தக்காரனா இருந்தா? தப்பாயிட்டா ஸ்கூல் பேர் என்ன ஆவும்?”

“தப்பாயிட்டா என் பேரப் போடுங்க மேடம். அவ எழுதினது சரி. நான்தான் அத தப்பாக்கினேன்.”

அவர் முகம் மாறியது. போனை எடுத்து குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த அம்மாள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதற்காக இன்றைக்கும் அவருக்கு ஒரு கும்பிடு.

கொட்டகைக்குப் போவதா, ஸ்டேஷனுக்குப் போவதா? கொட்டகை பத்து நிமிஷ நடை. போனால் எந்த வண்டி, எத்தனை மணி என்று தெரியும். ஆனால் அதற்குள் வண்டி போய்விட்டால்? அட்மிஷன் ரிஜிஸ்டரில் இருந்த நம்பர் மேஸ்திரியுடையது, அது ஸ்விட்ச் ஆஃப். இந்தி மிஸ்தான் சட்டென்று பிரித்தாள்.

“நான் ரிங்கியக் கூட்டிக்கினு கொட்டாய்க்குப் போறேன் மிஸ். அவங்க பாஷை எனக்கு வரும். நீங்க ஸ்டேஷன் போங்க. ஆட்டோல மெஜஸ்டிக் ஸ்டேஷன் வரைக்கும் போவாதீங்க, டிராஃபிக்ல மாட்டிப்பீங்க. இந்திராநகர்ல மெட்ரோ புடிச்சு ரயில்வே ஸ்டேஷன்ல எறங்குங்க. எங்க ஏரியா பக்கம் பின்வாசல் வரும், கூட்டம் கம்மி.”

ஆட்டோக்காரர் நல்ல மனுஷர், தமிழ்தான். ஆனால் மேம்பாலத்துக்குக் கீழே எல்லா வண்டியும் நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் பார்த்தேன். இரண்டு நிமிஷம் பார்த்தேன். இறங்கிவிட்டேன்.

“மேடம், இந்த வெயில்ல எங்க ஓடறீங்க? ஸ்வல்ப இருங்க, கிளியர் ஆயிடும்!”

முட்டி வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நூறடி ரோட்டில் ஓடினேன். என் பழைய மாணவர்கள் யாராவது பார்த்திருந்தால் ரெட் சிக்னல் சிக்னலை ஜம்ப் பண்ணுகிறது என்று சொல்லியிருப்பார்கள். மெட்ரோவில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார முடியவில்லை. கதவுக்கு மேலே எரியும் ஸ்டேஷன் பெயர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அல்சூர். டிரினிட்டி. ஒவ்வொன்றும் ஒரு யுகம்.

விதான சௌதா தாண்டும்போது இந்தி மிஸ் கூப்பிட்டாள். பின்னால் யாரோ அழும் சத்தம்.

“மிஸ், பன்னெண்டு மணிக்கே கெளம்பிட்டாங்களாம். வண்டி ரெண்டே முக்காலுக்கு. அம்மாக்காரி இப்போ அழறாங்க. அந்த ஆள் பேரு கூட முழுசா தெரியாதாம் மிஸ். பூனம் ஃபோட்டோ அனுப்பறேன், பாருங்க.”

நான் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு முப்பத்தி மூன்று. ரயில்வே போலீஸ் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். கன்னடத்தில் மூச்சு வாங்கக் கொட்டினேன். அவள் பாட்டிலை மூடினாள்.

“ஃபோட்டோ இதெயா மேடம்?”

ஃபோட்டோ இருக்கிறது என்று போனை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள். நானும் அவளும் வண்டியின் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனோம். கடைசிக்கு முந்தின பெட்டியில், ஜன்னலோரமாக, புது ரோஸ் சுடிதார். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல். மடியில் ஸ்கூல் பை. என் வகுப்புக்கு வரும் அதே பை.

பக்கத்தில் அந்த ஆள். நீங்கள் நினைக்கிற மாதிரி முகம் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் கண்ணாடி, மரியாதையான பேச்சு. சித்தப்பா முறை என்றான். அப்பா சம்மதத்தோடுதான் போகிறோம் என்றான். வேண்டுமானால் பெண்ணையே கேளுங்கள் என்றான். போலீஸ்காரி கேட்டாள்.

“சாச்சா ஹை,” என்றாள் பூனம். சித்தப்பாதான். வயது? “அட்டாரா.” பதினெட்டு. தலை நிமிரவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்த செய்யுள் மாதிரி சொன்னாள்.

போலீஸ்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஹுடுகியே ஹேள்தாளல்லா மேடம்.” பெண்ணே சொல்கிறாளே, நான் என்ன செய்ய என்று அர்த்தம். வண்டி கிளம்பும் அறிவிப்பு மூன்று பாஷையில் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவனைச் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. நல்லவேளை, அன்றைக்கு ஒரு தடவையாவது எனக்குப் புத்தி வேலை செய்தது. காலையில்தான் ஒரு பிள்ளையைக் கத்தி வாயை மூட வைத்திருந்தேன். இன்னொரு தடவை கத்தினால் இவளும் மூடிக்கொள்வாள். அம்மா தலையில் சத்தியம் செய்தவள் அவள். சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டாள். சொல்லாமல் சொல்ல அவளுக்கு ஒரு வழி வேண்டும்.

“பூனம், ஸ்டாண்ட் அப்,” என்றேன், வகுப்புக் குரலில்.

எழுந்து நின்றாள். பழக்கம்.

“நிஜமா, நாட்டா. ரெடி? ஐ லைக் பாகற்காய்.”

போலீஸ்காரி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். பூனத்தின் உதடு அசைந்தது.

“ஐ டூ நாட் லைக் பாகற்காய்.”

“லவுடர். ஐ ஆம் எய்ட்டீன்.”

“ஐ ஆம் நாட் எய்ட்டீன். ஐ ஆம் தர்ட்டீன்.”

அந்த ஆள் சிரித்துக்கொண்டே, இது என்ன ஸ்கூலா மேடம் என்று இந்தியில் கேட்டான். போலீஸ்காரி அவனைப் பார்க்கவில்லை. அவளுக்கு இந்த அளவு ஆங்கிலம் தாராளமாகப் புரிந்தது.

“ஐ நோ திஸ் மேன்.”

“ஐ டூ நாட் நோ திஸ் மேன்.”

“ஐ வாண்ட் டு கோ டு டெல்லி.”

இங்கே நின்றுவிட்டாள். பட்டாசு நமுத்துப்போனது. அவள் கண் பையின் மேல் போனது, அவன் மேல் போனது, என் மேல் வந்தது. முகம் கோணிக்கொண்டது.

“ஐ டூ நாட் வாண்ட்,” என்றாள். “மிஸ், ஐ டூ நாட் வாண்ட்.”

வாக்கியம் பாதிதான். அதற்கு மேல் அழுகை. போலீஸ்காரி ஒரு கையால் பையை எடுத்தாள், இன்னொரு கையால் பூனத்தைப் பிடித்து இறக்கினாள், அந்த ஆளிடம் “இளியப்பா கெளகே” என்றாள். இறங்குடா கீழே என்பதற்கு அதைவிட மரியாதையான கன்னடம் கிடையாது. நாங்கள் நான்கு பேரும் பிளாட்பாரத்தில் நிற்கும்போது வண்டி கிளம்பிப் போனது. பூனம் என் புடவைத் தலைப்பைப் பிடித்த பிடியில் சேஃப்டி பின் கழன்று தோளில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் நீளம். அவன் கொடுத்த டெல்லி விலாசத்தில் அப்படி ஒரு வீடே இல்லை என்று போலீஸ் சொன்னது. பூனத்தைச் சில நாள் குழந்தைகள் இல்லத்தில் வைத்திருந்து, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி, பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அம்மா ஸ்கூலுக்கு வந்து முதலில் என்னைத் திட்டினாள், அங்கேயாவது மூன்று வேளை சாப்பிட்டிருப்பாளே என்று. திட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இந்தி மிஸ் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். பூனம் ஏழாம் வகுப்பை எங்களிடமே முடித்தாள். அதற்குப் பிறகு கட்டட வேலை முடிந்து அவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நன்றாக இருக்கும்.

நோட்டுத் திருத்துவதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பேனாவின் மூடியைக் கழற்றாமல் முதலில் ஒரு தடவை படியுங்கள். இந்தப் பிள்ளை எனக்கு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். தப்பு எங்கேயும் ஓடிவிடாது. அதன் பிறகு எத்தனை கோடு வேண்டுமானாலும் போடுங்கள், நானும் போட்டேன், ரிட்டயர் ஆகிற நாள் வரை போட்டேன். கோபத்தில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் எந்தப் பிள்ளையாவது மேஜைக்கு வந்து ‘இல்ல மிஸ்’ என்றால், அன்றிலிருந்து நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசினேன். குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் சரி.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் ஸ்கூல். ரிங்கி வந்தாள். நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் மூன்று முறை எழுத வைத்திருந்த அந்த ‘வெண்ட்’ வாக்கியங்களுக்குக் கீழே, யாரும் சொல்லாமல், அவளாகவே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘யெஸ்டர்டே மை சிஸ்டர் டிட் நாட் வெண்ட் டு டெல்லி.’

‘யெஸ்டர்டே’ இந்த முறை சரியாக இருந்தது. பேனாவை எடுத்தேன். பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதிகாரி நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தார், ரிங்கியின் நோட்டில் நின்றார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பின்னால் ஹெச்.எம். மேடம் மூச்சுவிடாமல் நின்றார்.

“என்ன மேடம், இதுக்கு டிக் போட்டிருக்கீங்க? ‘டிட் நாட் கோ’ன்னு இல்ல வரணும்?”

“ஆமா சார்,” என்றேன். “போகல.”